கத்தாத நீலம்

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் மாமியாருக்குத் தெரியாமல் பெயிண்ட் கடைக்குப் போய் மருமகள் ஆர்டரை மாற்றிவிட்டு வந்தபோது, 'இந்தப் பெண்ணுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை' என்று நீங்கள் முணுமுணுத்திருந்தால் தப்பில்லை. அவள் புருஷனும் அதையேதான் முணுமுணுத்தான். சத்தமாகச் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. அவனுக்கு எதைத்தான் சத்தமாகச் சொல்லத் தைரியம் வந்திருக்கிறது?

அவனுக்கு டிரைவிங் ஸ்கூலில் வேலை. மற்றவர்கள் வண்டி ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் மிதிக்கிற உத்தியோகம். வீட்டிலும் பேச்சு கொஞ்சம் வேகமெடுத்தால் அவன் வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

அழுத்தாமல் என்ன செய்யும்? அவன் அம்மா அப்படிப்பட்டவர். சாயப்பட்டறையில் நிறம் பார்க்கிறவர். தொட்டியில் முக்கிக் காயவைத்த நூலைக் கையில் பிடித்து, வெளிச்சத்தில் ஒரு திருப்புத் திருப்புவார். 'போகலாம்' என்றால் லாரி ஏறும். 'இல்லை' என்றால் மறுபடி தொட்டிக்குள் போகும். பட்டறை முதலாளியே அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நாள் முழுக்கச் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் கண்ணுக்குள் கத்திக்கொண்டே இருக்கிற வேலை அது. வீட்டுக்கு வந்தால் கண் ஓய வேண்டும், வாசல் கதவு தொடங்கிக் கொல்லைக் கதவு வரை ஒரே நிறம் இருக்க வேண்டும், அதுவும் கத்தாத நீலமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இந்த வீட்டிலோ ஒவ்வோர் அறையும் அந்தந்தச் சமயத்தில் கடையில் மீந்து கிடந்த பெயிண்டைப் பூசிக்கொண்டு, ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துப் பேசாத பங்காளிகள் மாதிரி நின்றது.

ஒரு வழியாக ஆசை நிறைவேறும் வேளை வந்தது. கடையில் மெஷின் முதலில் கலந்து கொடுத்தது அவர் கேட்ட நிறமேதான். சாம்பல் தொட்ட, அடக்கமான நீலம். ஆனால் அவர் அதைப் பார்த்து, "இதுல நீலமே இல்லையே. இன்னும் போடுங்க" என்றார். கடைக்காரர் போட்டார். "இன்னும்" என்றார். கடைசியில் வந்து நின்றது பிளாஸ்டிக் வாளிக்கு அடிக்கிற நீலம். "ம், இப்பத்தான் அடங்கியிருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். கடைக்காரரும் வாயைத் திறக்கவில்லை, கூடப் போன மகனும் திறக்கவில்லை.

மறுநாள் மருமகள் போய், "முதல்ல கலந்தீங்களே, அதையே கொடுங்க" என்று மாற்றினாள். கடை டியூப்லைட்டில் அத்தைக்கு நிறம் தப்பாகத் தெரிந்திருக்கும், வீட்டுச் சுவரில் பார்த்தால் 'இதைத்தானே கேட்டேன்' என்று அவரே சொல்லிவிடுவார் என்பது அவள் கணக்கு.

அந்தக் கணக்கு சரியா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும். பெயிண்ட் வாசனைக்கு இருமல் வரும் என்று தன் தங்கை வீட்டில் தங்கியிருந்த அம்மா, அரைநாள் வேலை முடித்து இன்றைக்குத் திரும்பி வருகிறார்.

*

வீடு நன்றாகத்தான் இருந்தது. நன்றாக என்றால், அவ்வளவு நன்றாக.

கூடத்தில் ஜன்னல் வெயில் விழுந்த இடத்தில் அந்த நீலம், பலமுறை துவைத்து மெத்தென்று ஆன வேலைச் சட்டை மாதிரி இருந்தது. நடையில் வெளிச்சம் குறைந்த இடத்தில் அதே நிறம் சிலேட்டுக்கு நெருங்கிய சொந்தமாகிவிட்டது. சமையலறையில் பாத்திரங்களின் பளபளப்புக்குப் பின்னால் இருக்கிற இடம் தெரியாமல் நின்றது. ஒரே டின்தான், ஆனால் அறைக்கு அறை வேறு வேறு குரலில் பேசியது. மருமகள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குச் சும்மாவே நடந்து பார்த்தாள்.

"வீடு முழுக்க ஒரே கலர்னு சொன்னதும் ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடுமோன்னு நினைச்சேன்" என்றார் கொல்லைக் கதவுக்குக் கடைசிக் கோட் அடித்துக்கொண்டிருந்த பெயிண்டர். "இப்ப பார்த்தா எனக்கே இங்க படுத்து ஒரு தூக்கம் போடணும்போல இருக்கு."

"கதவை முடிச்சிட்டுத் தூங்குங்க அண்ணே. அத்தை வந்திடுவாங்க."

மகன் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். "இப்பவும் கெட்டுப்போகல. மாத்தினது கடைக்காரர்தான்னு சொல்லிடலாமா?"

"சொல்லலாம். அத்தை நேரா கடைக்குப் போய் நிப்பாங்க. அதுக்கப்புறம் என்ன சொல்றது?"

அவன் மறுபடி நடக்கத் தொடங்கினான். வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது.

*

அம்மா உள்ளே வந்தார். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. கூடத்தின் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். நடையில் எட்டிப் பார்த்தார். சமையலறை வரை போய்த் திரும்பி வந்தார். மருமகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"என்னப்பா இது" என்றார் அம்மா. "இத்தனை நாளா பிரைமர்தான் அடிச்சீங்களா? நீலம் எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?"

பெயிண்டர் கடகடவென்று சிரித்தார். "அம்மா நல்லாத் தமாஷ் பண்றாங்க! ரெண்டு கோட் நீலமும் முடிஞ்சாச்சும்மா. இந்தக் கதவு மட்டும்தான் பாக்கி."

அம்மா சிரிக்கவில்லை. சுவருக்குப் பக்கத்தில் போனார். கையால் தடவினார். ஜன்னல் கதவை முழுசாகத் திறந்துவிட்டு மறுபடி பார்த்தார். பெயிண்டரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"இது சாம்பல்" என்றார். "என் வீட்டுக்கு யார் சாம்பல் பூசச் சொன்னது? டேய், நீ சொல்லு. இது நான் சொல்லிட்டு வந்த நிறமா?"

மகனின் வலது கால் தரையை அழுத்தியது. "அது வந்தும்மா..."

"நான்தான் அத்தை மாத்தினேன்" என்றாள் மருமகள்.

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேட்கல. நீங்க சொன்ன கத்தாத நீலம் இதுதான்னு நினைச்சேன். கடையில முதல்ல கலந்தாங்களே, அது. அதுக்கப்புறம் போடச் சொன்னது ரொம்ப அடிக்கிற நிறம் அத்தை."

"நினைச்சியா? நல்லா நினைச்ச!" அம்மாவின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "லாரி லாரியா நூல் என் கண்ணைத் தாண்டித்தான் போகுது. இதுவரைக்கும் ஒருத்தரும் என் கண்ணைச் சந்தேகப்பட்டதில்ல. கேக் மேல ரோஜாப்பூ போடறவ எனக்கு நிறம் சொல்லித் தர வந்துட்டியா?"

மருமகள் பேக்கரியில் கேக் அலங்காரம் செய்கிறவள். மாமியார் அவளைக் கோபம் வந்தாலும் செல்லம் வந்தாலும் 'கேக்குக்காரி' என்றுதான் கூப்பிடுவார். இன்றைக்கு அந்த வார்த்தை வரவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

"நாளைக்கே மாத்திடலாம்மா. நீ சொன்ன நீலத்தையே அடிச்சிடலாம்" என்றான் மகன்.

"மாத்து. நாளைக்கே மாத்து."

அத்தோடு முடிந்திருக்கும். மருமகளும் தலையாட்டியிருந்தால் மறுநாள் அந்த வாளி நீலம் வந்து எல்லாச் சுவரிலும் ஏறியிருக்கும், வீட்டில் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சாப்பிட்டிருப்பார்கள். ஆனால் 'பிரைமர்' என்ற சொல் அவளை விடவில்லை. ருசியில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கலாம். நீலத்தை வெறும் பிரைமர் என்று ஒருத்தர் நினைப்பது ருசி இல்லை.

பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஒரு கேக்கைக் கெடுத்திருக்கிறாள். வெண்ணெய்க் கிரீமில் நீலம் கலந்தாள். எவ்வளவு சொட்டு விட்டாலும் நீலம் வரவில்லை, அழுக்குப் பிடித்த மாதிரி ஒரு நிறம்தான் வந்தது. வெண்ணெயின் மஞ்சள் நீலத்தை விழுங்கிவிடும் என்று அப்போது தெரிந்துகொண்டாள். இன்னும், இன்னும் என்று அவளும்தான் ஊற்றினாள்.

"அத்தை, மாத்தறது பெரிய விஷயமில்ல" என்றாள் மெல்ல. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இவர் போட்டிருக்கிற பேன்ட் என்ன நிறம்?"

"இதென்ன கேள்வி? கருப்பு."

மகன் குனிந்து தன் பேன்ட்டைப் பார்த்தான். டிரைவிங் ஸ்கூல் யூனிஃபார்ம் அது. சேர்ந்த நாளிலிருந்து கருநீலம்தான். பெயிண்டரும் பார்த்தார், பார்த்துவிட்டு அவசரமாகக் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பையோடு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

*

"ஏன் கேட்ட?" என்றான் மகன், குரலைத் தாழ்த்தி.

"கேட்காம விட்டிருந்தா நீங்க இன்னும் எத்தனை பல்பு மாத்துவீங்க?"

அது உண்மைதான். கொஞ்ச நாளாக அம்மா வீட்டில் வெளிச்சம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவனும் கூடத்துப் பல்பை மாற்றினான், சமையலறைப் பல்பை மாற்றினான், அம்மா அறையில் இரண்டு போட்டான். பல்புக் கடைக்காரனைத் திட்டினான். அம்மாவின் கண்ணைப் பற்றி ஒரு முறைகூட நினைக்கவில்லை. சூரியனுக்கு டார்ச் அடித்துப் பார்ப்பாரா யாராவது?

"அம்மாவுக்கு அந்தக் கண்ணு போயிட்டா என்ன மிச்சம்?" என்றான். அவன் குரல் உடைந்திருந்தது.

மருமகளுக்கும் அழுகை வந்தது. அத்தையிடம் பேன்ட்டைக் காட்டிக் கேட்ட விதம் தப்பு, பெயிண்டர் முன்னால் கேட்டது அதைவிடத் தப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் அறைக்கும் அதே நிறம்தான் அடித்திருந்தார்கள். அவருக்கு நாலு பக்கமும் சாம்பலாக இருந்தது.

அவருக்குக் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. போன மாதம் நெசவுக்காரர்களிடமிருந்து ஒரு நீலச் சரக்கு திரும்பி வந்தது. ஒரே பேல் மூட்டையில் ரெண்டு நீலம் இருக்கிறது என்றார்கள். தண்ணீர் சரியில்லை என்று அவர் சொன்னார், முதலாளியும் தண்ணீர் லாரிக்காரனைப் பிடித்துக் காய்ச்சினார். தண்ணீரில்தான் குற்றம் என்று அவர் மனசார நம்பியிருந்தார்.

ஆனால் நேற்று நடந்தது வேறு. ஒரு பெரிய நீல ஆர்டர். ஒரு நூல் சிட்டத்தை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பார்த்தார், உறுதியாகவில்லை. இன்னொன்றை எடுத்துக்கொண்டு மறுபடி வாசலுக்குப் போனார். மூன்றாவது முறை போக வெட்கமாக இருந்தது. வேலை செய்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'போகலாம்' என்று சொல்லிவிட்டார்.

இந்தக் கண் பொய்யாகிவிட்டது என்றால், தான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. புருஷன் போன பிறகு மகனை வளர்த்தது இந்தக் கண். இந்த வீட்டைக் கட்டியது இந்தக் கண். ஊரில் நாலு பேர் எழுந்து நின்று அக்கா என்று கூப்பிடுவது இந்தக் கண்ணுக்காக. அவர் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முகம் கழுவிக்கொண்டு பையைத் திறந்தார்.

*

கதவு திறந்தபோது அம்மாவின் கையில் ஒரு துணிமூட்டை இருந்தது. ஜன்னலுக்குக் கீழே பெயிண்டர் விரித்திருந்த பேப்பர் மேல் உட்கார்ந்து அதைப் பிரித்தார். உள்ளே விரல் நீள நூல் சிட்டங்கள், எல்லாம் நீலம். பட்டறையில் வேலை கேட்டு வருகிறவர்களின் கண்ணைச் சோதிக்க அவர் வைத்திருப்பது. வெளிறியதிலிருந்து அடர்த்தி வரை வரிசையாக வைக்கச் சொல்வார். ஒன்று மாறினாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

அந்தச் சோதனையை இன்றைக்குத் தனக்கே வைத்துக்கொண்டார். ஒவ்வொன்றாக எடுத்தார், பக்கத்தில் வைத்தார், மாற்றினார். முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"வா. பாரு. சரியா?"

மருமகள் மண்டியிட்டுப் பார்த்தாள். முதல் நாலைந்து சரியாக இருந்தன. அதற்குப் பிறகு வரிசை தாறுமாறாகப் போனது. கடைசியில் இருக்க வேண்டியது நடுவில் கிடந்தது. 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தையின் முகம் மலரும், வீடு பழையபடி ஆகிவிடும்.

"தப்பு அத்தை."

"எங்க?"

அவள் தொட்டுக் காட்டினாள். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று.

அம்மா அவளைக் கூர்ந்து பார்த்தார். "நீ பூசின பெயிண்டைக் காப்பாத்தப் பொய் சொல்றேன்னு நான் நினைச்சா?"

"நினைக்கலாம் அத்தை. உங்களுக்குத் தெரியாம ஆர்டர் மாத்தினவதானே நான்."

அம்மா 'ம்' என்றார். "பட்டறையில ஒருத்தர் பார்த்ததைக் கணக்குல எடுக்க மாட்டோம். ரெண்டு பேர் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்காம பார்க்கணும். நீ சரியா அடுக்கு."

அவள் அடுக்கினாள். அம்மா பெயிண்டரிடம் கையை நீட்டினார். அவர் ஒன்றும் கேட்காமல் ஒட்டுக் காகிதச் சுருளைக் கொடுத்தார். அம்மா துண்டு துண்டாகக் கிழித்து, ஒவ்வொரு சிட்டத்துக்கும் அடிப்பக்கம் அவள் வைத்த வரிசைப்படி எண் போட்டு ஒட்டினார். பிறகு எல்லாவற்றையும் கலைத்தார்.

"நீ சமையலறைக்குப் போ. டேய், நீ வா. அடுக்கு."

"அம்மா, எனக்கு இதெல்லாம்..."

"சிக்னல்ல சிவப்பு பச்சை தெரியுதில்ல? அடுக்கு."

மகன் உட்கார்ந்தான். அவன் அடுக்கி முடிப்பதற்குள் பெயிண்டர் கதவை மறந்துவிட்டுப் பிரஷ்ஷோடு வந்து பின்னால் நின்றார். சொட்டு சொட்டாக நீலம் அவர் காலிலேயே விழுந்துகொண்டிருந்தது.

அம்மா சிட்டங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒன்று. இரண்டு. மூன்று. கடைசி வரை எண்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசை கலையாமல் நின்றன.

"அப்ப என் கண்ணுதான்" என்றார்.

சமையலறை வாசலிலிருந்து மருமகள் ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"வெண்ணெயில நீலம் போட்டா நீலம் வராது அத்தை. வெண்ணெயோட மஞ்சள் தின்னுடும். உங்க கண்ணுல அந்த மாதிரி ஏதோ மஞ்சள் படிஞ்சிருக்கு. புரையா இருக்கும்னு தோணுது. டாக்டர் பார்த்துத்தான் சொல்லணும். எங்க பேக்கரி முதலாளியோட அக்காவுக்குப் புரை எடுத்தாங்க. மறுநாள் வெளியில வந்து ஆகாசத்தைப் பார்த்து, 'இதுக்கு எப்ப பெயிண்ட் அடிச்சாங்க'ன்னு கேட்டாங்களாம்."

பெயிண்டர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். அம்மாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது.

"எடுத்தா நீலம் வருமா?"

"வரும்னுதான் சொல்றாங்க. நாளைக்கே போய்ப் பார்க்கலாம். நான் லீவு போடறேன்."

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான் மகன். சத்தமாகவே சொன்னான்.

அம்மா எழுந்து சுவரைப் பார்த்தார். அவருக்கு அது இப்போதும் சாம்பல்தான். ஆனால் இந்த முறை அதைப் பார்த்த பார்வையில் வேறு ஏதோ இருந்தது, ஊருக்குப் போன பிள்ளையின் படத்தைப் பார்க்கிற மாதிரி.

"இதை யாரும் மாத்த வேண்டாம்" என்றார். "நான் இன்னும் இந்த நிறத்தைப் பார்க்கவே இல்லையே. பார்த்துட்டுச் சொல்றேன், நல்லா இருக்கா இல்லையான்னு."

மகன் அப்போதுதான் மூச்சு விட்டான். எல்லாம் முடிந்தது என்று நினைத்து டீ போடச் சமையலறைப் பக்கம் திரும்பினான். அம்மா போனைக் கையில் எடுத்திருந்தார்.

"யாருக்கும்மா?"

அம்மா இரண்டு முறை தப்பான இடத்தில் அழுத்தினார். மூன்றாவது முறை மணி போனது.

"தம்பி, நான்தான். நேத்து நான் பாஸ் பண்ணின நீலத்தை அனுப்பாதீங்க."

அந்தப் பக்கம் முதலாளி என்ன சொன்னார் என்று போனுக்கு வெளியிலேயே கேட்டது. "என்னக்கா சொல்றீங்க? முதல் லாரி காலையிலேயே போயிடுச்சே! ரெண்டாவது வாசல்ல நிக்குது, பேல் ஏத்திட்டு இருக்காங்க."

அம்மா ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார்.

"ரெண்டாவதை நிறுத்துங்க. முதல் லாரியையும் எங்க இருந்தாலும் பிடிச்சுத் திருப்பச் சொல்லுங்க. தப்பு தண்ணியில இல்ல தம்பி. போன மாசமும் தண்ணியில இல்ல. என் கண்ணு நீலத்தைச் சரியாப் பார்க்கல. இன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது."

மகன் சுவரில் சாய்ந்து நின்றான். ஈரமா காய்ந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை.

"நிறுத்தறேன் அக்கா" என்றது போன். குரலில் கோபம் இல்லை, கலக்கம்தான் இருந்தது. "ஆனா இருக்கிற பேலை எல்லாம் இப்ப யார் பார்த்துப் பிரிக்கிறது? உங்களை விட்டா இங்க யார் இருக்கா?"

"என் மருமகளைக் கூட்டிட்டு வர்றேன்."

மருமகள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"அவங்களுக்குச் சாயத்தைப் பத்தித் தெரியுமாக்கா?"

"ஒண்ணும் தெரியாது" என்றார் அம்மா. "தப்புன்னா தப்புன்னு என் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெரியும். நம்ம பட்டறையில அது தெரிஞ்சவங்க யாரும் இல்ல."